வாழை மண்டி உதாரணம்

‘10.8.2025, ஞாயிறு. இன்றைய தவறு: பேசத் தொடங்கும் முன் மைக்கை இரண்டு முறை தட்டினேன்.’

"இதெல்லாம் ஒரு தவறா?" பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள் லின்சி. "உன் மூஞ்சியப் பார்த்தா யாரையோ கொலை பண்ணிட்டு பஸ் ஏறின மாதிரி இருக்குடி."

கலைமதி டைரியை மூடிக்கொண்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் ஏறிய ஸ்ரீரங்கம் பஸ், காவிரிப் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் நின்றிருந்தது.

அன்று திருச்சியில் நடந்த சாஃப்ட்வேர் மாநாட்டில், செயலிகளை எப்படி வடிவமைப்பது என்று இருநூறு பேருக்கு முன் அவள் பேசியிருந்தாள். நல்ல கைதட்டல். சென்னை மாநாட்டிலும் இதையே வந்து பேசுங்கள் என்று அங்கேயே கேட்டுவிட்டார்கள்.

"எல்லாம் அந்த வாழை மண்டி உதாரணம்தான்டி," என்றாள் லின்சி. இருவரும் ஒரே ஆபீஸ், ஒரே ஹாஸ்டல் அறை. "விலை என்ன, விலை என்னன்னு ஒவ்வொரு விவசாயியும் மண்டிக்கு நடையா நடக்க வேண்டாம். சுவத்துல பேரை எழுதிட்டுப் போனாப் போதும். விலை மாறினா மண்டிக்காரரே எல்லாருக்கும் போன் போடுவாரு. வேணாம்னா தோள் துண்டால பேரை அழிச்சுடுவாரு. செயலியும் இப்படித்தான் சேதி சொல்லணும்னு நீ முடிச்சதும் எனக்குப் பின்னாடி ஒருத்தன், ‘மூணு வருஷமா மண்டைல ஏறாதது இப்ப ஏறிடுச்சு’ங்கிறான்! வாழைக்குப் பேர்போன தொட்டியத்துக்காரி நீ சொன்னா மண்டி கண்ணு முன்னாடி வராதா பின்ன?"

"அது என்னோடது இல்ல, லின்சி."

"எது?"

"அந்த உதாரணம். பெஞ்சமின் சாரோடது."

பெஞ்சமின், அவளுக்கு மாலை வகுப்பில் பாடம் எடுத்தவர். பகலில் ஜெராக்ஸ் கடை, சாயந்திரம் வகுப்பு என்று அவள் ஓடிய காலம் அது. பிறகு அவர் இணையத்தில் எழுதிய ஒரு கட்டுரையில் அந்த மண்டி வந்தது. அந்தக் கட்டுரையால்தான் அவர் பெயரே வெளியில் தெரிந்தது.

"பேரைச் சொல்ல மறந்துட்டே. அவ்வளவுதானே? ஒரு மெயில் தட்டிவிடு."

"மறக்கல. அவர் பேர் போட்ட ஸ்லைடு நேத்து வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்குக் காலைல நான்தான் எடுத்தேன். மேடையில ஒண்ணாவது என் சொந்த யோசனையா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை."

"சரி விடு. அவருக்கென்ன தெரியவா போகுது?"

"முதல் வரிசைல உக்காந்திருந்தார்."

லின்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மண்டின்னு ஆரம்பிச்சதுமே தலையக் குனிஞ்சுட்டார். கடைசி வரைக்கும் நிமிரல. சாப்பாட்டு நேரத்துல கிட்ட வந்தார். ‘நல்லா பேசினீங்கம்மா. அந்த உதாரணம்... எங்கேர்ந்து எடுத்தீங்க?’ன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"‘நானா யோசிச்சது சார்’னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! அவர்கிட்டயேவா?"

"வாய் தானா சொல்லிடுச்சு. அவர் ‘ஆமா... ஆமாம்மா’ன்னுட்டு, சாம்பார் சாதத்தை அப்படியே வச்சுட்டுக் கிளம்பிட்டார். திருடினவ நான். கூனிக் குறுகிப் போனது அவர்."

அம்மா மண்டபம் நிறுத்தத்தில் இறங்கி இருவரும் அறைக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றியதும் கலைமதி லேப்டாப்பைத் திறந்தாள்.

"சாருக்கு மன்னிப்புக் கடிதம். சென்னைக்காரங்களுக்கும் ஒரு நகல்."

"அப்புறம் சென்னை உனக்கு இல்லடி."

"போகட்டும். அடுத்தவர் சொத்தை வச்சுக்கிட்டு இன்னொரு மேடை ஏற முடியாது. அந்தக் கட்டுரை எப்ப வந்ததுன்னு பாரு."

லின்சி போனில் தேடினாள். "2022 நவம்பர் 3."

எதையும் சரியாகச் செய்தே பழகியவள் கலைமதி. கட்டுரையை எந்தத் தேதியில் படித்தாள் என்பதையும் கடிதத்தில் எழுத நினைத்தாள். கட்டிலுக்கு அடியில் வருஷ வாரியாக டைரிகள். ஒவ்வொரு பக்கத்திலும் இன்றைய தவறு, அதற்குக் கீழே நாளைய வேலை. வேலையை முடித்தால் சிவப்பு மையில் ஒரு டிக். டிக் போடாமல் விட்ட பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனால் எழுதி முடித்த பக்கத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குக் கூச்சம்; இதுவரை பார்த்ததில்லை.

2022-ஐ உருவி, நவம்பரைத் தேடிப் பிரித்தாள். இரண்டு வாரம் முன்னதாகத் திறந்துகொண்டது. அவளுடைய கையெழுத்துதான்.

‘18.10.2022, செவ்வாய். இன்றைய தவறு: வகுப்புத் தேர்வில் உதாரணம் கேட்டதற்கு, எங்கள் ஊர் வாழை மண்டிச் சுவரையும் மண்டிக்காரரின் துண்டையும் எழுதிவைத்தேன். பெஞ்சமின் சார் அதை உரக்கப் படித்து, "இது பரீட்சையா, சந்தையா?" என்றார். வகுப்பே சிரித்தது. தாளை அவர் திருப்பித் தரவில்லை.

நாளைய வேலை: இதை அடியோடு மறந்துவிட வேண்டும்.’

அதன் பக்கத்தில், சிவப்பு மையில் ஒரு டிக்.