பதினொரு தடவை

கிருஷ்ணகுமார் ஆறு மணிக்கு எழுந்தான். முகம் கழுவினான். இரண்டு துண்டு பாண் சாப்பிட்டான். பின்னறையிலிருந்து நாலு எட்டு வைத்தால் கடை. ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கணினியைப் போட்டான். அது எழுந்துவர ஒன்பது நிமிடம் ஆகும். அதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்தான்.

மாமியார் தங்கம்மா முதல் பஸ்ஸில், கடை இருக்கும் கஹவத்தைக்கு வந்திருந்தாள். தேயிலைத் தோட்டத்தில் வேலையில்லாத நாட்களில் இப்படி வருவாள். கணினித் திரையின் மூலையில் திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

அவளுடைய மகள் ஷாமிளா மே பத்தொன்பதாம் திகதி, பகல் பன்னிரண்டரைக்கு, ஆஸ்பத்திரியில் இறந்தாள். டெங்குக் காய்ச்சல். கல்யாண அட்டையும் மரண அறிவித்தலும் தமிழிலும் சிங்களத்திலும் அடித்துக் கொடுக்கும் இந்தக் கடையைப் புருஷனும் பெண்சாதியுமாகத்தான் நடத்தினார்கள்.

சாவு வீட்டில் பெண்கள் கிருஷ்ணகுமாரைச் சூழ்ந்துகொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். "மெஷின மாத்திராதீங்க, அப்படியே வச்சிருங்கன்னு சொன்னா" என்றான். அன்றிலிருந்து அந்தக் கணினியை மாற்றவோ திருத்தவோ யாரும் கை வைக்கவில்லை.

எட்டரைக்குக் கணினி உறைந்து நின்றது. அடித்துக்கொண்டிருந்த தரம் ஒன்பது கணித வினாத்தாளில் பாதி அழிந்துபோய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஜதீஸ்வரன் ஆசிரியர் தொலைபேசியில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதினான்கு தோட்டப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைத் தாள்கள் அவர் பொறுப்பு.

"தம்பி, பின்னேரம் மூண்டு மணிக்குள்ள தாள் வராட்டி நான் இரத்தினபுரியில குடுத்திடுவன். பிள்ளையள் வெறுங்கடதாசியிலயே சோதினை எழுதிறது?"

"வரும் சேர்."

இந்த வேலை போனால் கடையில் வேறு வேலை இல்லை. கிருஷ்ணகுமார் றிஸாத்தை அழைத்தான். ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது டவுனில் கணினி திருத்துகிறான். வந்தவன் திரையிலிருந்த பொட்டைப் பார்த்தான்.

"மச்சான், என்ட்டி வைரஸ் நல்லாத்தான் ஈக்கி. எந்தக் கொம்பனி?"

"பல்லக் காட்டாம வேலயப் பாரு" என்றாள் தங்கம்மா. "மேலால தூசியத் தட்டிட்டுப் போ. உள்ளுக்குக் கை வைக்காத."

"இது தூசில வார வருத்தம் இல்ல அம்மா. சிஸ்டம் பழசு. பதிமூணு வருஷம். மாத்தித்தான் ஆகணும்."

"புதுசு போட்டா பழைய ஃபொன்ட் எல்லாம் பெட்டி பெட்டியாத் தெரியும்" என்றான் கிருஷ்ணகுமார்.

"நேத்து வந்தத யாரு போடச் சொன்ன? அச்சு வேலைக்கு நாலு பேரு ஓட்டி, அடிபட்டு, நின்னு காட்டினதத்தான் போடணும். லினக்ஸ் நல்லம், அஞ்சு வருஷத்துக்கு அசையாது. ஆனா நீ பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் அதுல ஓடாது. அதால விண்டோஸ்லயே புதுசுக்கு ஒரு படி முந்தினதப் போடுவோம். பழைய டிஸ்க்கக் கழட்டி ஒன்ட கையிலயே தாறேன். ஒரு எழுத்து அழியாது. வேற என்ன?"

வேறு எதுவும் இல்லை. மறுப்பதற்கு வைத்திருந்த காரணங்கள் தீர்ந்துவிட்டன. கிருஷ்ணகுமார் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கும் கோளாறு சிஸ்டத்திலயா சாமான்லயான்னு பாத்துருவோம்." கணினி எப்போதெல்லாம் நின்றுபோனதோ அதையெல்லாம் தானே குறித்து வைத்திருக்கும் பட்டியலை றிஸாத் திறந்து, வாய்விட்டு வாசித்தான். "மார்ச் நாலு, ரெண்டு தரம். ஏப்ரல் இருபத்தொண்ணு, மூணு தரம். அம்மோ! மே பத்தொம்பது, காலைல ஏழுல இருந்து ஒரு மணி வரைக்கும் பதினொரு தரம். எப்படி மச்சான் பொறுத்த? நான்னா தூக்கி ஆத்துல போட்டிருப்பேன்."

கிருஷ்ணகுமார் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். தங்கம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டம்தான். சந்தேகமே இல்ல" என்று றிஸாத் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "ரெண்டு மணித்தியாலம் தா. மூணு மணிக்குத் தாள் கையில."

தங்கம்மா எழுந்து வந்து கணினியின் மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"இதத் தொறக்கணும்னா மொதல்ல என் கைய வெட்டிட்டுத் தொற."

"அத்த, பரீட்சப் பேப்பரு. இது போனா கடையே போயிரும்."

"போனா போகட்டும். கடன் வாங்கியா தின்னோம், மலையில கொழுந்து இல்லியா? சாகுற நேரத்துல உங்க கையப் புடிச்சிக்கிட்டு எம்புள்ள கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூடக் காப்பாத்த மாட்டீங்களா, மாப்பிள்ள?"

றிஸாத் ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தான். தொலைபேசி மறுபடி அடித்தது. ஜதீஸ்வரன் ஆசிரியர். யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"அவ அதச் சொல்லல அத்த" என்றான் கிருஷ்ணகுமார்.

தங்கம்மா கையை எடுக்கவில்லை. "அப்ப என்னதான் சொன்னா?"

அவன் குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. ஷட்டருக்குக் கீழே, கடை வாசலைக் காட்டினான்.

"அன்னைக்குக் காலைல அங்க நின்னு சொன்னா. 'மறுபடியும் நின்னுருச்சா? சரிங்க, நீங்க வேலய முடிங்க. நான் தனியா பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்.'"