நடு அடுக்கு பார்த்த வடக்கு

யாரோ தவறவிட்ட திசைகாட்டி ஒன்று பல வருஷமாக ஒரு மலைச்சரிவில் அசையாமல் கிடந்தது. விழுந்த அன்று அதன் முள் ‘வ’ என்ற எழுத்துக்கு நேராக நின்றது. அந்தக் கர்வம் அதற்கு இன்னும் போகவில்லை.

எதிரே, எரிமலைக் குழம்பு ஆறி உண்டான மூன்று பாறை அடுக்குகள். மேலடுக்கின் இரும்புத் துகள்கள் வடக்கே பார்த்திருந்தன. கீழடுக்கின் துகள்களோ தெற்கே.

“என்ன பெரியவரே, தலைமாடு மாறிப் படுத்திட்டீங்களா?” என்றது முள்.

“நான் ஆறுனப்போ பூமியோட காந்தம் இப்படித்தான் இழுத்துச்சு” என்றது கீழடுக்கு.

“கிழவருக்குப் புத்தி பேதலிச்சிருச்சு” என்றது மேலடுக்கு.

நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு கிழக்கே பார்த்துக் கிடந்தது. “நீ ஏன் ரெண்டுங்கெட்டானா கிடக்கே?” என்றது முள்.

“ரெண்டு பேர் சொல்றதும் நிஜந்தான். நான் ஆறுன சமயம் பூமியோட காந்தம் தெற்கேயிருந்து வடக்கே போய்க்கிட்டிருந்துச்சு.”

முள் அவசரமாகக் கேட்டது: “இப்போ நின்னுடுச்சா?”

“எங்களை ஏன் கேக்குறே? நாங்க எப்பவோ ஆறி இறுகிட்டோம். இன்னும் திரும்பத் தெரிஞ்சவன் நீதானே? பார்த்துச் சொல்லேன்.”

முள் மெல்லக் குனிந்து பார்த்தது. அதன் நுனி ‘வ’வின் ஓரத்தில் நின்றது.