ஆடிப்போன படம்

“டைனோசர் பொம்மைக்கு ரெண்டு தலை தெரியுது. நாங்க ரெண்டு பேரும் புகை மாதிரி இருக்கோம். இதுக்குப் பேர் போட்டோவா?”

கேளிக்கைப் பூங்காவின் போட்டோ கவுண்டரில் பெரியவர் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“மன்னிச்சுக்குங்க சார். வாசல்ல நிக்கிற பொண்ணு எடுத்தது. வழக்கமா நல்லா எடுப்பா. வேற எடுத்துத் தரச் சொல்றேன்.”

“வேற வேண்டாம். அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லுங்க.”

“மெதுவாப் பேசுங்களேன்” என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அந்தப் பெண் கேமராவை மார்போடு அணைத்தபடி வந்து தலைகுனிந்து நின்றாள்.

“என்னம்மா, கை இப்படி ஆடியிருக்கு? இனிமே நீ வேலைக்கு...”

சூப்பர்வைசர் முடிப்பதற்குள் பெரியவர் குறுக்கிட்டார்.

“அவளைத் திட்டாதீங்க சார். கேமராவைத் தூக்கிட்டுப் போனா வீட்டுப் படி ஏறாதேன்னு சொன்ன அப்பன் நான்தான். இன்னிக்குச் சொல்லாம கொள்ளாம வந்து இவ முன்னாடி நின்னா, புள்ளைக்குக் கை நடுங்காம என்ன செய்யும்?”

“வாசல்லயே இவகிட்ட பேசியிருக்கலாம்” என்றார் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. “வாயடைச்சுப் போய் நின்னுட்டு, இங்க வந்து சத்தம் போடறார். இவருக்குச் சண்டை போட்டாத்தான் பேச்சே வரும்.”

மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

“இதையே பெரிசாப் போட்டுக் குடுங்க, கூடத்துல மாட்டணும்” என்றார் அப்பா. “அப்படியே எங்க மூணு பேரையும் நீங்க ஒண்ணு எடுங்க.”

சூப்பர்வைசர் கேமராவை வாங்கினார். மகள் நடுவில் நின்றாள். அப்பா தயங்கித் தயங்கி அவள் தோளில் கை வைத்தார்.

அந்தப் படமும் ஆடித்தான் விழுந்தது.