கதவு சொன்ன சொல்

மனிதகுலம் காத்திருந்த பொன்னாள் வந்தது: எங்கள் குடியிருப்பில் பேசும் கதவு பொருத்தப்பட்டது. யாரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று சங்கத் தலைவர் சபாரத்தினம் வீடுவீடாகக் கேட்டு எழுதினார்.

மூன்றாம் மாடித் திருநங்கை நிரஞ்சனா, "'அவள்'னு போடுங்க சார்" என்றாள்.

"மரியாதை குறையுமேம்மா! 'அவர்'னு போட்டுடறேன்."

"மரியாதை கெடக்கட்டும் சார். பெத்த வீட்ல இன்னும் 'அவன்'தான். இங்கயாவது 'அவள்'னு கேட்டுக்கறேன்."

மனமில்லாமல் எழுதினார்.

மறுநாள் கொட்டும் மழையில், "அவள் வந்துவிட்டாள்" என்று சொல்லிக் கதவு திறந்தது. நிரஞ்சனா வெளியே போய் இன்னொரு முறை வந்தாள். பிறகு கதவைக் கும்பிட்டாள்.

பின்னாலேயே தலைவர் வந்தார். அவரை மழையில் நிறுத்திவைத்து, தனக்கென்று அவரே எழுதிக்கொடுத்த பதினான்கு பட்டங்களையும் கதவு வாசிக்கத் தொடங்கியது. நிரஞ்சனா நன்றியோடு ஓடிப்போய்க் குடை பிடித்தாள்.

வாசித்து முடிப்பதற்குள் மழை நின்றுவிட்டது.