பதினோரு மாதத்து ஆயில்

வசுமதியின் கணவர் இறந்து பதினோரு மாதமாக அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் போர்ட்டிகோவை விட்டு நகரவில்லை. உறைமேல் உதிர்ந்த வேப்பம்பூகூடக் கலையாமல் கிடந்தது. மறுநாள் வாங்குகிறவர்கள் வருகிறார்கள் என்று கொழுந்தன் பிரபாகர் ஆயில் மாற்ற வந்திருந்தான். உறையை உருவி, ஜாக்கி ஏற்றி, இரும்புத் தட்டோடு அடியில் படுத்தான்.

"ஓடாத வண்டி அண்ணி. ஆயில் பாகு மாதிரி மெதுவாத்தான் எறங்கும்."

போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாய்ச் சர்ரென்று கொட்டியது. அவன் அலறிக் கையை உதறினான். புறங்கை வெந்து சிவந்திருந்தது.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"காரியம் முடிஞ்ச அன்னைக்கே பேட்டரிய நீதானே கழட்டிட்டுப் போன?"

வசுமதி குனிந்து தட்டின் விளிம்பைத் தொட்டாள். முன்பெல்லாம் அவர் வந்து இறங்கியதும் பானட்டில் கை வைத்தே, எவ்வளவு தூரம் சுற்றிவிட்டு வருகிறார் என்று சரியாகச் சொல்லிவிடுவாள். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"ஊட்டி வரைக்கும் போயிருக்காரு," என்றாள். "நாளைக்கு யாரும் வரவேண்டாம்னு சொல்லிடு."

புது ஆயிலை அவளே அளவுக்கோடு வரை ஊற்றினாள். பிறகு போய், கேட்டின் பூட்டைத் திறந்து வைத்தாள்.