மாப்பிள்ளை முறுக்கு

ஏழாவது கவளத்தோடு எழிலரசன் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

மாமியார் கலைவாணியின் கையிலிருந்த சாம்பார்க் கரண்டி அப்படியே நின்றது.

கல்யாணமாகி முதல் ஆடி. மருமகனுக்குத் தலையாடி விருந்து என்று முத்தியால்பேட்டை வீட்டில் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டியிருந்தார்கள். இலையில் மூன்று பொரியல், இரண்டு கூட்டு, வடை, அப்பளம், நடுவில் குன்று போலச் சோறு. பக்கத்தில் புது வெள்ளி டம்ளரில், தேங்காய்ப்பாலில் வெல்லம் சேர்த்துக் காய்ச்சிய ஆடிப்பால்.

அதைப் பார்க்கும்போதே எழிலரசனுக்கு வியர்த்தது.

எட்டு வருடத்துக்கு முன்பு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவன் அவன். அன்றைக்கு நூற்று முப்பத்தெட்டு கிலோ. இன்றைக்கு எழுபத்தொன்று. அந்த எழுபத்தொன்றைக் காப்பாற்றுவதுதான் அவனுடைய முழுநேர வேலை. மேட்டுப்பாளையம் கம்பெனியில் சூப்பர்வைசர் உத்தியோகம் சும்மா பேருக்கு.

முதலில் பருப்பு, பிறகு காய், இடமிருந்தால் சோறு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்பு ஒரு டம்ளர் உள்ளே போனால் கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், அப்புறம் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான்.

இது எதுவும் இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால், மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள் என அவனுடைய அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். மனைவி சுடர்விழியிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தான். வயிற்றிலிருந்த ஐந்து சின்னத் தழும்புகளும் சிறுவயதில் அம்மை போட்டது என்றான். பாவம், நம்பினாள். தினசரி நாலு மாத்திரை கம்பெனி மேஜை டிராயரில் குடியிருந்தது.

"சமையல்ல ஏதாச்சும் குறையா மாப்ள?" என்றார் மாமனார் கிருஷ்ணசாமி.

"அய்யோ, பிரமாதம் மாமா. வயிறு நெறஞ்சிடுச்சி."

ஏழு வாயில் வயிறு நிறைந்துவிட்டது என்று ஒரு புது மாப்பிள்ளை சொன்னால், அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமனாரும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முறுக்கிக்கொண்டுவிட்டார். சீரில் ஏதோ குறை.

கிருஷ்ணசாமி தொண்டையைச் செருமினார். "அந்த வெள்ளி டம்ளரு உங்களுக்குத்தான். எடுத்துக்கினு போங்க."

"சரி மாமா." கை இலைப்பக்கம் போகவில்லை.

கலைவாணி கேட்காமலேயே இன்னொரு வடை வைத்தார். அதையும் அவன் தொடவில்லை.

கிருஷ்ணசாமி தன் விரலிலிருந்த மோதிரத்தைத் திருக ஆரம்பித்தார். முப்பது வருடம் மில்லில் உழைத்த விரல், முட்டி தடித்துப்போயிருந்தது. மோதிரம் வருவேனா என்றது. சுடர்விழி சோப்பு எடுத்துவர ஓடினாள்.

"மாமா, வேணாம் மாமா!"

மோதிரமே வேண்டாமாம். அப்படியானால் மனதில் இருப்பது அதைவிடப் பெரிது. நுரை படிந்த விரலோடு கிருஷ்ணசாமி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தீபாவளிக்குள்ள ஒரு வண்டி எடுத்துக் குடுத்துடறேன் மாப்ள. ஒரு வாய் சாப்பிடுங்க."



எழிலரசனுக்கு அழுகையே வந்துவிட்டது. தன்னுடைய பொய்க்காக ஒரு நல்ல மனுஷர் கையில் சோப்போடு நிற்கிறாரே. சத்தியமாவது மண்ணாவது, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? இவர்கள் கண்ணுக்கு அவன் பிறவி ஒல்லி.

இடது கையால் போனை எடுத்தான். ரகசிய எண் போட்டுப் பூட்டி வைத்திருந்த அந்தப் பழைய படத்தைத் திறந்தான். நீலச் சட்டை, ஸ்டுடியோ வெளிச்சம், நூற்று முப்பத்தெட்டு கிலோ.

"அத்த, இதப் பாருங்க. இது..."

கலைவாணி போனை வாங்கினார். வாங்கியதும் முகம் மலர்ந்தது.

"அட, இந்தப் பையனா! ஒரு தரகர் சுடருக்குன்னு இவன் போட்டோவ எடுத்துக்கினு வந்தாரு. எட்டு வருஷம் இருக்கும். இவனுக்குச் சோறு வடிச்சே எம் பொண்ணு செத்துடுவான்னு, பேரு கூட கேக்காம திருப்பி அனுப்பிட்டோம். உங்க ஃபிரண்டா மாப்ள?"

சுடர்விழி அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. "அய்யோ, இவரா! இவர வச்சித்தான் ஒரு வாரம் எல்லாரும் என்னக் கிண்டல் பண்ணாங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு மாதமாகப் பக்கத்தில் படுத்திருப்பவனை ஒரு முறை கூட நிமிர்ந்து பார்க்காமல் சிரித்தாள்.

அந்தத் தரகர் அந்தப் படத்தைப் பதினோரு வீடுகளிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தார். எந்தெந்த வீடு என்று சொன்னதில்லை. பன்னிரண்டாவது வீட்டுக்குப் படம் கொடுக்காமல்தான் எழிலரசன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"தெரிஞ்சவன்தான்" என்று போனை வாங்கிப் பைக்குள் போட்டான்.

நெஞ்சு படபடத்தது, இனிப்பு ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமலேயே. அத்தனை கோபம்.

"மோதிரத்த நீங்களே போட்டுக்குங்க மாமா" என்றான். "வண்டி மட்டும் கருப்புக் கலர்ல பாத்துடுங்க."

வீடே மூச்சு விட்டது. கிருஷ்ணசாமி சத்தமாகச் சிரித்துவிட்டார். கலைவாணி கையலம்பத் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு ஒருவரும் அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை.