ஊதா நிறக் கோபம்

ரத்தம் தடவி, சாயம் பூசிக் காயவைத்த கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் செருகிக் குனிகிறாள் அவள். வட்ட வெளிச்சத்தில் வெள்ளணுக்கள் ஊதா நிறத்தில் உப்பிக் கிடக்கின்றன. ஒரு கிருமிகூட இல்லாமல் சண்டைக்குக் கிளம்பியவை. இப்படி முறுக்கேறியவைதான் ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டி, உள்ளே புகுந்து, அதை விறைக்க வைத்து அழுத்தத்தை ஏற்றுகின்றன. ‘நல்லா ஏறட்டும்’ என்று பல்லைக் கடிக்கிறாள். அம்மா செத்ததை, எல்லாம் முடிந்த மறுநாள் போனில் சொன்ன அண்ணனின் ரத்தம். டாக்டர் எழுதிய சீட்டோடு அவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான். செருப்பைத் தரையில் தேய்க்கும் அந்தப் பழைய சத்தம் கேட்கிறது. பிறகு கதவிடுக்கில் தலை நீள்கிறது. “மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கலம்மா. ஏதாவது தெரியுதா?” “தெரியுது. நல்லாவே தெரியுது. போய் உக்காரு.” பதினோரு வருடத்தில் அவனிடம் அவள் பேசும் முதல் பேச்சு, நாக்கில் இனிக்கிறது. பெயரைப் பதிவு செய்யத் தகட்டை உருவுகிறாள். ஓரத்தில் பென்சிலால் ‘ஒப்பீடு’ என்றிருக்கிறது. நோயாளியின் ரத்தத்தோடு வைத்துப் பார்க்க, ஆய்வகத்தில் ஒருவர் தன் ரத்தத்தையும் தருவது இங்கே வழக்கம். இன்று காலை விரலைக் குத்திக்கொண்டவள் அவள்தான். அவசரமாக அண்ணனின் தகட்டைச் செருகுகிறாள். வெள்ளணுக்கள் உருண்டையாக, ஓரம் கலையாமல், அசந்து தூங்குகின்றன. அவள் காதுக்குள் நாடி அடிக்கிறது. பாவிக்கு ரத்தத்தில்கூட ஓர் உறுத்தல் இல்லை.